கண்ணில் படாத கடலடி வெந்நீரைக் கணக்குப் போட்டுப் பிடிப்பது எப்படி

கடலூரில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலை எனக்கு. வாரத்தில் நாலு பேராவது பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், போர் தண்ணி கரிக்குது, கடல் உள்ள பூந்துடுச்சா பாருங்க" என்பார்கள். நானும் குளோரைடு பார்ப்பேன், கடினத்தன்மை பார்ப்பேன், நூற்றுக்கு எத்தனை பங்கு கடல் கலந்திருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுக் கையில் கொடுப்பேன். இதே கணக்கைத் திருப்பிப் போட்டுத்தான் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் கடல் தரையைப் பிளந்துகொண்டு வரும் வெந்நீர் ஊற்றுகளின் வேதியியலைக் கண்டுபிடிக்கிறார்கள். இது தெரிந்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, நிஜமாக.

யாருக்கு இது: வேதியியல், புவியியல், கடல் அறிவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு, வென்ட் எனப்படும் இந்த வெந்நீர் ஊற்றுகள் பற்றிய ஆய்வுக் கட்டுரையைத் திறந்து அட்டவணையைப் பார்த்ததும் மூடிவைத்தவர்களுக்கு. கப்பல் வேண்டாம், நீர்மூழ்கி வேண்டாம். ஒரு குடம் கடல்நீர், கல்லூரி லேபில் இரண்டு பியூரெட், ஒரு எக்செல் ஷீட் போதும். கூடவே வாயை மூடிக்கொண்டு ரகசியம் காக்கத் தெரிந்த தம்பியோ தங்கையோ ஒருத்தர் வேண்டும். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் கடலுக்கு அடியில் நடப்பதைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் கணக்கு வெறும் எண்ணாகப் போய்விடும். நடுக்கடல் மலைத்தொடர்களில் தரை விரிந்து புதுப் பாறை உருவாகிக்கொண்டே இருக்கிறது, பெரும்பாலும் பசால்ட், அதாவது எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கரும்பாறை. அதன் விரிசல்களில் குளிர்ந்த கடல்நீர் இறங்குகிறது. கீழே பாறைக்குழம்பின் சூடு. 350 டிகிரிக்கும் மேல் சூடானாலும் அது கொதிப்பதில்லை, காரணம் அழுத்தம். உங்கள் வீட்டுக் குக்கரில் இரண்டு மடங்கு காற்றழுத்தத்துக்கே தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கிறதல்லவா, 2,500 மீட்டர் ஆழத்தில் 250 மடங்கு. நம்ம ஊர் மீனவர் கணக்கில் கிட்டத்தட்ட 1,370 பாகம் ஆழம். அந்தச் சூட்டில் நீர் பாறையோடு வேலை செய்து, தன்னிடம் இருந்ததைக் கொடுத்து, பாறையில் இருந்ததை வாங்கிக்கொண்டு, எடை குறைந்து மேலே பாய்கிறது. 2 டிகிரி கடல்நீரில் வந்து விழுந்ததும் கரைந்திருந்த இரும்பும் கந்தகமும் கருந்துகள்களாகப் பிரிய, புகை மாதிரி தெரிகிறது. கரும்புகைப்போக்கி என்று பெயர் வந்தது இப்படித்தான். உண்மையில் அதில் புகையே கிடையாது.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் நாம் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: மக்னீசியம்.

மரக்காணம் உப்பளத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? வெயிலில் கடல்நீர் சுண்டச் சுண்ட முதலில் ஜிப்சம் பிரியும், அப்புறம் உப்பு விளையும், கடைசியில் உப்பை வாரிய பிறகும் பாத்தியில் ஒரு கசப்பு நீர் நின்றுகொண்டே இருக்கும். அந்தக் கசப்பு மக்னீசியம். வெயிலுக்கு அது மசியாது. ஆனால் அதே மக்னீசியம் கடலடிப் பாறைக்குள் போனால் முதல் ஆளாகக் காணாமல் போகிறது. சூடான பசால்ட் அதை ஹைட்ராக்சைடாகப் பிடித்துக் களிமண் தாதுக்களிலும் குளோரைட் என்கிற பச்சைத் தாதுவிலும் பூட்டிவைத்துவிடும். (குளோரைடு வேறு, இந்தக் குளோரைட் வேறு. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.) மக்னீசியம் தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சைடை எடுத்துக்கொள்வதால் பின்னால் அமிலம் மிஞ்சுகிறது. அந்த அமிலத்தில் பெரும்பகுதியைப் பாறையே மறுபடி உறிஞ்சிவிட்டாலும், மிஞ்சியது உலோகங்களைக் கரைத்து மேலே கொண்டுவரப் போதும்.

இது ஊகமில்லை. 1975இலேயே பிஷாஃப், டிக்சன் என்ற இருவர் கடல்நீரையும் பசால்ட்டையும் 200 டிகிரியில், 500 பார் (ஒரு பார் கிட்டத்தட்ட ஒரு காற்றழுத்தம்) அழுத்தத்தில் அடைத்துவைத்துப் பார்த்தார்கள். மக்னீசியம் நீரைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. அப்போது கடலடி வெந்நீர் ஊற்றை யாரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை. 1977இல்தான் ஆல்வின் நீர்மூழ்கி கலபாகோஸ் அருகே முதல் ஊற்றைக் கண்டது. அங்கே கிடைத்த நீரோ வெறும் வெதுவெதுப்பு, 20 டிகிரிக்கும் கீழே. கடல் வேதியியலாளர் ஜான் எட்மண்டும் கூட்டாளிகளும் அந்த வெதுவெதுப்பான நீரை அளந்து, சூடு கூடும்போது மக்னீசியம் எவ்வளவு குறைகிறது என்று கோடு போட்டு, கோட்டை நீட்டிக்கொண்டே போனார்கள். மக்னீசியம் பூஜ்யத்தைத் தொட்ட இடத்தில் சூடு சுமார் 350 டிகிரி. 1979இல் பசிபிக்கில் 21 டிகிரி வட அட்சரேகையில் ஆல்வின் கரும்புகைப்போக்கிக்குள் வெப்பமானியை நீட்டியபோது அதன் பிளாஸ்டிக் தண்டு உருகியது. சரியான கருவியோடு திரும்பிப் போய் அளந்தபோது கிடைத்தது 350க்கு மேல்.

யோசித்துப் பாருங்கள், குளிக்கிற சூடுகூட இல்லாத தண்ணீரை வைத்துக்கொண்டு ஈயத்தை உருக்குகிற சூட்டைச் சொல்லியிருக்கிறார்கள். அதைத்தான் இப்போது நாமும் செய்யப்போகிறோம்.

அடிப்படை எண்ணங்கள் இவ்வளவுதான். ஊற்றிலிருந்து எடுக்கிற எந்தப் பாட்டிலிலும் கொஞ்சமாவது சுற்றுக் கடல்நீர் கலந்துவிடும். டைட்டானியத்தில் செய்த பெரிய சிரிஞ்சு மாதிரி கருவியை ஊற்றின் வாயில் சொருகித்தான் எடுக்கிறார்கள். அப்படியும் சிரிஞ்சின் மூக்கில் முன்பே தங்கியிருக்கிற சில மில்லி நீர், சொருகிய இடத்தில் கசிந்து நுழைகிற நீர், எல்லாம் சேர்ந்துவிடும். கலப்படமே இல்லாத அசல் வெந்நீரை ஆங்கிலத்தில் எண்ட்-மெம்பர் என்பார்கள், நான் மூலநீர் என்று எழுதுகிறேன். மூலநீரில் மக்னீசியம் பூஜ்யம், கடல்நீரில் ஒரு கிலோவுக்கு சுமார் 53 மில்லிமோல். ஆகவே பாட்டிலில் எவ்வளவு மக்னீசியம் இருக்கிறதோ அதுவே எவ்வளவு கடல் கலந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. 53இல் 10.6 இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு கடல், மீதி நாலு பங்கு மூலநீர். பால்காரர் ஊற்றிய தண்ணீரைக் கண்டுபிடிக்கிற மாதிரிதான், லாக்டோமீட்டருக்குப் பதில் மக்னீசியம்.

சரி, கையால் செய்து பார்க்கலாம். எடுத்த எடுப்பில் அட்டவணையில் இறங்காதீர்கள், கையால் செய்யாதவர்களுக்கு இந்தக் கோடு மனசில் பதியாது என்பது என் அனுபவம்.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் ஐந்து லிட்டர் கேனில் நீர் எடுங்கள். கெடிலம் கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எடுக்காதீர்கள், தள்ளிப் போங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் ஆறுகள் எல்லாம் கொட்டிக்கொண்டிருக்கும்போதும் வேண்டாம். நான் முதல் தடவை மழை விட்ட நாலாம் நாள் முகத்துவாரம் பக்கமாகவே எடுத்துவந்து, மக்னீசியம் நாற்பதைக்கூடத் தொடவில்லையே, ரீஏஜெண்ட் கெட்டுப்போய்விட்டது போல என்று ஒரு நாள் முழுக்கப் புதிதாகக் கரைசல் தயாரித்துக்கொண்டிருந்தேன். ரீஏஜெண்ட் நன்றாகத்தான் இருந்தது. என் கேனில்தான் கால்வாசிக்கு மேல் ஆறு. சித்திரை வைகாசியில், கரையோர மணல் கலங்காத இடத்தில், முழங்கால் ஆழத்துக்கு இறங்கி எடுத்து வடிகட்டிவைத்தால் நல்லது. எப்படி எடுத்தாலும் புத்தகத்து 53ஐ நம்பி உட்காராமல் உங்கள் கேனை நீங்களே அளந்து அந்த எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தம்பியின் வேலை. அவன் ஆர்.ஓ. தண்ணீரில், அதைவிட நல்லது லேபில் கிடைக்கும் வடிநீரில், லிட்டருக்கு இத்தனை கிராம் என்று சோடியம் குளோரைடு கரைக்கட்டும். 15 கிராமோ 50 கிராமோ, அது அவனுக்கு மட்டும் தெரிந்தால் போதும், ஒரு சீட்டில் எழுதி மடித்துப் பையில் போட்டுக்கொள்ளட்டும். லேப் உப்புதான் வேண்டும். கடையில் வாங்கிய கல்லுப்பில் அந்தக் கசப்பு நீர் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், மக்னீசியம் பூஜ்யம் என்கிற அடிப்படையே ஆட்டம் கண்டுவிடும். தூள் உப்பிலும் கட்டி பிடிக்காமல் இருக்க எதையாவது சேர்ப்பார்கள். அந்தக் கரைசல்தான் நம் ரகசிய மூலநீர். இதைக் கடல்நீரோடு வெவ்வேறு விகிதத்தில் கலந்து ஐந்து பாட்டில் உங்களுக்குத் தரவேண்டும், எதிலும் கடல்நீர் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. விகிதத்தையும் சொல்லக் கூடாது. சுத்தமான மூலநீர் உங்கள் கண்ணிலேயே படக் கூடாது, அதில்தான் விளையாட்டே இருக்கிறது.

ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு விஷயம் அளக்கவேண்டும். மக்னீசியம், குளோரைடு.

மக்னீசியத்துக்கு நாங்கள் தினமும் செய்கிற ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன்தான். பாட்டிலிலிருந்து 5 மில்லி எடுத்து 100க்கு நீர்த்து, அதில் 20 மில்லி எடுங்கள். அதாவது உள்ளே இருப்பது 1 மில்லி அசல். நேராக 1 மில்லி எடுத்தால் பிப்பெட் பிழையே தலைவலியாகிவிடும். அம்மோனியா பஃபர், எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டி, 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ.; ஒயின் சிவப்பு நீலமாகும் இடத்தில் நிறுத்துங்கள். இது கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கணக்கு. இன்னொரு 20 மில்லியில் சோடியம் ஹைட்ராக்சைடு போட்டு பிஎச்சை 12க்கு மேல் ஏற்றி, மியூரெக்சைடு நிறங்காட்டி வைத்துச் செய்தால் கால்சியம் மட்டும் கிடைக்கும். ஏன் மட்டும்? அந்தக் காரத்தில் மக்னீசியம் ஹைட்ராக்சைடாக வெளியேறிவிடுகிறது. குடுவையில் லேசாக வெள்ளைக் கலங்கல் தெரிந்தால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கடலடிப் பாறை செய்வதும் மக்னீசியத்தை ஹைட்ராக்சைடோடு கோர்த்து நீரைவிட்டு விலக்குவதைத்தான். நாம் காரத்தை ஊற்றிச் செய்கிறோம், பாறை அதைத் தண்ணீரிலிருந்தே பிடுங்கிக்கொண்டு அமிலத்தை மிச்சம் வைக்கிறது. பதினைந்து வருஷமாக இந்த டைட்ரேஷனைச் செய்துவிட்டு எனக்கு இந்த ஒற்றுமை இரண்டு வருஷம் முன்புதான் உறைத்தது.

நல்ல கடல்நீருக்கு மொத்தம் 6.5 மில்லி, கால்சியத்துக்கு 1.05 மில்லி என்று வந்தால், வித்தியாசம் 5.45. அதாவது லிட்டருக்கு 54.5 மில்லிமோல் மக்னீசியம். லிட்டரைக் கிலோவாக்க 1.025ஆல் வகுத்தால் 53.2. இந்த லிட்டர், கிலோ குழப்பத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், ஆய்வுக் கட்டுரைகளில் ஒருவர் லிட்டரில் தருவார் இன்னொருவர் கிலோவில் தருவார், நம்ம லேப் ரிப்போர்ட்டோ மில்லிகிராமில் பேசும். 53 மில்லிமோல் என்பது சுமார் 1,290 மில்லிகிராம். எந்த அட்டவணையைத் திறந்தாலும் முதலில் கடல்நீர் வரியைப் பாருங்கள். 53க்குப் பக்கத்தில் இருந்தால் மில்லிமோல், 1,290க்குப் பக்கத்தில் இருந்தால் மில்லிகிராம். தலைப்பில் என்ன போட்டிருந்தாலும் சரி.

குளோரைடுக்கு வெள்ளி நைட்ரேட், குரோமேட் நிறங்காட்டி, மஞ்சள் செங்கல் சிவப்பாகும் இடம். இதை வீட்டில் செய்யவே வேண்டாம். குரோமேட் நஞ்சு, கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனிப் பாட்டிலில் சேர்த்து லேபில் ஒப்படைக்க வேண்டும்.

எக்செலில் மக்னீசியத்தைக் கிடையாகவும் குளோரைடை நெடுக்காகவும் போட்டு ஐந்து புள்ளியும் கடல்நீர்ப் புள்ளியும் வையுங்கள். நேர்கோடாக விழும். ட்ரெண்ட்லைன் போட்டு இடப்பக்கம் மக்னீசியம் பூஜ்யம் வரைக்கும் நீட்டினால் அங்கே கோடு தொடுகிற உயரம்தான் தம்பியின் ரகசியம். அவன் 15 கிராம் போட்டிருந்தால் 257 மில்லிமோல், 50 போட்டிருந்தால் 856. சீட்டைப் பிரித்துப் பாருங்கள். ஐந்து சதவீதத்துக்குள் வந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், வராவிட்டால் பிப்பெட்டைக் கழுவிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

கோடு இல்லாமல் ஒரே பாட்டிலை வைத்தும் போடலாம். பாட்டில் மக்னீசியத்தைக் கடல் மக்னீசியத்தால் வகுத்தால் கடலின் பங்கு. அளந்த அளவிலிருந்து, கடலின் பங்கு பெருக்கல் கடல் அளவைக் கழியுங்கள். மிச்சத்தை மூலநீரின் பங்கால் வகுங்கள். முடிந்தது. ஒரு பயிற்சி: மக்னீசியம் 10.6, சிலிக்கா 13.6, குளோரைடு 600 என்று ஒரு பாட்டில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் (எண்கள் நான் பயிற்சிக்காக வைத்தவை). கடலின் பங்கு 0.2. ஆழ்கடல் நீரில் சிலிக்கா சுமார் 0.2தான், ஆகவே 13.6இலிருந்து 0.04 கழித்து 0.8ஆல் வகுத்தால் 16.95. குளோரைடு, கடலில் 546, அதில் ஐந்தில் ஒரு பங்கு 109.2, 600இலிருந்து கழித்தால் 490.8, வகுத்தால் 613.5. சிலிக்கா 17 பக்கம் வருவது கரும்புகைப்போக்கிகளில் சகஜம், 350 டிகிரி பக்கம் குவார்ட்ஸ் கரைகிற அளவோடு ஒத்துப்போகிற எண் அது. ஆகவே சிலிக்காவை வைத்தே அந்த நீர் எந்தச் சூட்டில், எந்த அழுத்தத்தில் கடைசியாகப் பாறையோடு இருந்தது என்று மதிப்பிடுகிறார்கள்.

இனி எட்மண்ட் செய்த வித்தை. சுற்றுநீர் 2 டிகிரி, உங்கள் மாதிரி 13 டிகிரி, மக்னீசியம் 53இலிருந்து 51.3க்கு இறங்கியிருக்கிறது. 1.7 குறைய 11 டிகிரி ஏறியிருக்கிறது. 53ம் குறைய? 53ஐ 1.7ஆல் வகுத்து 11ஆல் பெருக்கினால் 343, அதோடு 2 சேர்த்து 345 டிகிரி.

கைதட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம். உங்கள் மக்னீசியம் அளவில் 0.3 பிழை என்று வைத்துப் பாருங்கள். குறைவு 1.4 என்றால் விடை 418, 2.0 என்றால் 294. இத்தனை தூரம் நீட்டினால் சின்னப் பிழை பூதமாகிவிடும். அதனால்தான் ஒரு மாதிரியை வைத்து யாரும் சொல்வதில்லை, நிறைய மாதிரிகளைக் கோட்டில் கோத்துத்தான் சொல்வார்கள். இன்னொன்று, வழியில் பாறைக்கே சூட்டைக் கொடுத்துவிட்டு நீர் ஆறிப்போயிருந்தால், மக்னீசியம் பூஜ்யமாகவே இருக்கும், சூடு மட்டும் இருக்காது. சூட்டுக்குக் கலப்புக் கணக்கு எப்போதும் ஓரளவு நம்பிக்கையோடுதான். குளோரைடு, லித்தியம், பொட்டாசியம் இவற்றுக்குத் தாராளமாகப் போடலாம்.

எதற்கு எல்லாம் போடக் கூடாது என்பதுதான் மாணவர்கள் அதிகம் வழுக்குகிற இடம். பிஎச்சுக்குக் கோடு போடாதீர்கள். அது மடக்கை எண், கலக்கும்போதே வினை நடக்கும், நேர்கோட்டில் நடக்காது. 25 டிகிரிக்கு ஆறவைத்து அளந்தால் கரும்புகைப்போக்கி நீர் பெரும்பாலும் 3, 4 பக்கம் இருக்கும், ஆனால் கீழே சூட்டில் அதே நீரின் பிஎச் அதைவிட அதிகம். இரும்பு, செம்பு, துத்தநாகம் இன்னும் மோசம். ஆறும்போது பாட்டிலுக்குள்ளேயே கறுப்பாகப் படிந்துவிடும்; அந்த வண்டலையும் அமிலத்தில் கரைத்து அளந்து திருப்பிக் கூட்டியிருக்கிறார்களா என்று கட்டுரையின் செய்முறைப் பகுதியில் தேடுங்கள். கூட்டாமல் விட்டிருந்தால் அந்த உலோக எண்ணைக் குறைந்தபட்சம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சல்பேட் தனிக் கதை, நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிற கதை. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும், ஆனால் கால்சியம் சல்பேட்டுக்குச் சூடு ஆகாது. கடல்நீரை 150 டிகிரி தாண்டிச் சூடாக்கினால் அதிலுள்ள கால்சியமும் சல்பேட்டும் அன்ஹைட்ரைட் என்கிற வெள்ளைத் தாதுவாகப் படிந்துவிடும். வெந்நீர் அண்டாவிலும் ஹீட்டர் கம்பியிலும் உப்பு பிடிக்கிறதே, அது பெரும்பாலும் கார்பனேட், வேறு தாது, ஆனால் சூடேறினால் கரையாத குணம் இதற்கும் உண்டு. கீழே இறங்கும்போதே சல்பேட்டில் பெரும்பகுதி படிந்துவிட, மிஞ்சியதைப் பாறையிலுள்ள இரும்பு சல்ஃபைடாக்கிவிடும். ஆகவே மூலநீரில் சல்பேட்டும் பூஜ்யம் பக்கம் இருக்கவேண்டும். கடலில் 28 மில்லிமோல். நம் 10.6 மக்னீசியம் பாட்டிலில் சல்பேட் 5.6 இருந்தால் அது கச்சிதம், கலந்த கடல்நீரோடு வந்தது அவ்வளவே.

7.6 இருந்தால்? அந்தக் கூடுதல் 2 எங்கிருந்து வந்தது? புகைப்போக்கியின் சுவரே பாதி அன்ஹைட்ரைட்தான். சிரிஞ்சு அதில் ஒரு துணுக்கை உறிஞ்சியிருக்கும், ஆறியதும் அது கரைந்திருக்கும். சல்பேட் 2 கூடியிருந்தால் கால்சியமும் சரியாக 2 கூடியிருக்கும். அளந்த கால்சியம் 18 என்றால் முதலில் 16 ஆக்குங்கள், கடல் கால்சியம் 10.3இல் ஐந்தில் ஒரு பங்கான 2.06ஐக் கழித்து 0.8ஆல் வகுத்தால் 17.4. திருத்தாமல் போட்டிருந்தால் 19.9 வந்திருக்கும், நீங்களும் பாறை கால்சியத்தை வாரி வழங்கியது என்று இரண்டு பக்கம் எழுதியிருப்பீர்கள். மாறாக மூலநீருக்குச் சல்பேட் எதிர்மறையாக வந்தால் கலக்கும்போது அன்ஹைட்ரைட் படிந்திருக்கிறது, அப்போது பாட்டிலில் குறைந்த சல்பேட் அளவைக் கால்சியத்தில் கூட்டவேண்டும்.

அப்புறம் குளோரைடு. பாறைக்குக் குளோரைடில் பெரிய ஆசை இல்லை, எடுப்பதுமில்லை கொடுப்பதுமில்லை என்றே சொல்லலாம். அப்படியிருக்க மூலநீரில் கடலைவிடப் பாதியோ இரண்டு மடங்கோ குளோரைடு வந்தால், நீர் கீழே எங்கோ உப்பு குறைந்த ஆவியாகவும் உப்பு மிகுந்த பிரைனாகவும் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். கடல்நீரின் மாறுநிலைப் புள்ளி 407 டிகிரி, 298 பார்; அதற்குக் கீழே பிரிந்தால் நாம் அறிந்த கொதித்தல், மேலே பிரிந்தால் துளித்துளியாகப் பிரைன் ஒதுங்கும். இரண்டு ஊற்றுகளை ஒப்பிடும்போது சோடியம், பொட்டாசியம், லித்தியம் எல்லாவற்றையும் குளோரைடால் வகுத்துவிட்டுத்தான் ஒப்பிடவேண்டும், இல்லாவிட்டால் பிரைனைப் பார்த்து 'அடேயப்பா இங்கே லித்தியம் கொட்டிக்கிடக்கிறது' என்று ஏமாறுவீர்கள். கடல்நீரில் சோடியம் வகுத்தல் குளோரைடு சுமார் 0.86. அதிலிருந்து விலகினால்தான் பாறை சோடியத்தைத் தொட்டிருக்கிறது.

இவ்வளவும் கைவந்ததும் நிஜ அட்டவணைக்குப் போங்கள். வங்காள விரிகுடாவில் தேடாதீர்கள், நம் கடலுக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான், விரிகிற மலைத்தொடர் இல்லை. இந்தியப் பெருங்கடலின் நடுவே, மூன்று கடலடி மலைத்தொடர்கள் கூடும் ரோட்ரிக்ஸ் முச்சந்திக்கு அருகில், மத்திய இந்தியப் பெருங்கடல் மலைத்தொடரில் கைரேய், எட்மண்ட் என்று இரண்டு களங்கள் இருக்கின்றன. கைரேய் 2000இல் ஜப்பானியர்கள் கண்டது, சுமார் 2,400 மீட்டர் ஆழம், இரும்புச் செதில் போர்த்திய நத்தை இருக்கிற இடம் என்று படித்திருப்பீர்கள். எட்மண்ட் 2001இல் கண்டது, சுமார் 3,300 மீட்டர். நாம் மேலே பார்த்த அதே ஜான் எட்மண்ட் அந்த ஆண்டு காலமானார், அவர் பெயரையே வைத்தார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுவதுதான் நான் சிபாரிசு செய்கிற முதல் பயிற்சி. எட்மண்டில் குளோரைடு கடலைவிட மிக அதிகம், பிரைன் என்று உடனே பிடித்துவிடலாம். கைரேயில் எட்மண்டைவிடக் குறைவு, ஆனால் ஹைட்ரஜன் வாயு வழக்கத்துக்கு மாறாக அதிகம். காரணம் அங்கே ஆலிவின் என்கிற, இரும்பும் மக்னீசியமும் கொண்ட தாது மிகுந்த பாறையும் நீரோடு வேலை செய்கிறது, பாறையின் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைய நீரிலிருந்து ஹைட்ரஜன் விடுபடுகிறது.

மக்னீசியம் பூஜ்யம் என்கிற விதி எங்கும் செல்லுமா என்றால், இல்லை. பப்புவா நியூ கினி பக்கம் மானுஸ் பேசினில் டெஸ்மோஸ் என்ற இடத்தில் பாறைக்குழம்பின் கந்தக வாயு நேராகக் கடல்நீரில் கலக்கிறது. அமிலம் கடுமை, சல்பேட் கடலைவிட அதிகம், மக்னீசியமும் கணிசமாக நிற்கிறது. அங்கே கோட்டைப் பூஜ்யத்துக்கு நீட்டினால் விடை வெறும் கற்பனை. லாஸ்ட் சிட்டி என்ற ஊற்றுக் களம் வேறு மாதிரி. அட்லாண்டிக்கில் 2000இல் கண்டது, நீர் 40 முதல் 90 டிகிரிதான், பிஎச் 9 முதல் 11 வரை, அமிலமே இல்லை, புகைப்போக்கிகள் வெள்ளைவெளேர் என்று கார்பனேட்டிலும் புரூசைட்டிலும் ஆனவை. புரூசைட் என்பது மக்னீசியம் ஹைட்ராக்சைடு, அதாவது உங்கள் டைட்ரேஷன் குடுவையில் கலங்கியதே அதுதான் அங்கே கோபுரமாக நிற்கிறது. அங்கும் மூலநீரில் மக்னீசியம் பூஜ்யம் பக்கமே, கணக்கு செல்லும், ஆனால் காரணம் வேறு.

நம் ஆட்களும் இதில் இறங்கியிருக்கிறார்கள். 2016இல் இந்தியா சர்வதேசக் கடல்தரை ஆணையத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் மத்திய, தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் மலைத்தொடர்களில் 10,000 சதுர கிலோமீட்டரில் சல்ஃபைடு தாதுக்களைத் தேடும் உரிமை கிடைத்தது. 2024 டிசம்பரில் சென்னை பள்ளிக்கரணை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் கோவாவின் துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் சேர்ந்து, ஆளில்லா நீர்மூழ்கியை அனுப்பி சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் ஊற்று ஒன்றைப் படம் பிடித்ததாகச் செய்தி வந்தது. நாளைக்கு அங்கிருந்து பாட்டில்கள் வரும்போது யாராவது உட்கார்ந்து மக்னீசியம் அளக்கத்தான் வேண்டும். அந்த யாராவது பரங்கிப்பேட்டையிலோ புதுச்சேரியிலோ படிக்கிற பிள்ளையாக ஏன் இருக்கக் கூடாது என்பது என் ஆசை.

கட்டுரைகளின் இணைப்பு அட்டவணைகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன, பங்கேயா தரவுக் களஞ்சியத்திலும் தேடலாம். திறந்ததும் செய்ய வேண்டிய வரிசையை மட்டும் மறக்காதீர்கள்: கடல்நீர் வரியைப் பார்த்து அலகை உறுதிசெய்வது, மக்னீசியத்தால் வரிசைப்படுத்துவது, சல்பேட்டைக் கோட்டில் போட்டு மாதிரிகள் சுத்தமா என்று பார்ப்பது, அதற்கப்புறம்தான் மற்றவை. மக்னீசியம் 25ஐத் தாண்டிய மாதிரிகளில் பாதி கடல்தான், அவற்றை வேறு நிறத்தில் காட்டுங்கள். ஒரு புள்ளி மட்டும் கோட்டைவிட்டு ஓடினால் அழித்துவிடாதீர்கள், அந்தப் பாட்டிலின் சல்பேட்டையும் சிலிக்காவையும் போய்ப் பாருங்கள். குளோரைடும் சிலிக்காவும் சேர்ந்து ஓடினால் அது வேறு ஊற்றின் நீராக இருக்கலாம், குளோரைடு மட்டும் ஓடினால் யாரோ பியூரெட்டைத் தப்பாகப் படித்திருக்கலாம்.